லுவெல்லாவுக்குப் பின்பாட்டு

இது பட்டப்பகலில் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. முந்தைய இரவு பஸ்ஸில் நன்றாகத் தூங்கியிருந்தேன். அன்று அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் இன்னும் மெம்ஃபிஸில்தான் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். எர்லீன் அன்று திரும்பத் திரும்பத் தப்பாகப் பாடினாள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மை. ஏன் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

லுவெல்லா மிசிசிப்பியில் ஒரு பருத்திக்காட்டு ஓரத்துத் தேவாலயத்தில் பாடத் தொடங்கியவள். பதினேழு வயதில் அந்தக் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு நடன விடுதிகளுக்கு வந்துவிட்டாள். கர்த்தரை அழைத்த அதே மெட்டில் காதலனைத் திட்டினாள். ஊர் அவளை வைதது. அதே ஊர் டிக்கெட்டும் வாங்கியது. இரண்டு பாட்டுகள் வானொலியில் பிய்த்துக்கொண்டு ஓடின. அதற்குப் பிறகு வாழ்க்கை முழுக்கச் சாலைதான். எங்கள் நிறத்துக்கு அறை தராத ஊர்களில் காரிலேயே தூங்குவோம். பெட்ரோல் நிலையத்தின் பின்புறக் குழாயில் முகம் கழுவி, அங்கேயே ஜிகினாச் சட்டை மாட்டிக்கொள்வோம்.

நான் எட்டு வருடம் அவளுக்குப் பின்பாட்டுப் பாடினேன். அவள் முதுகு எனக்கு மனப்பாடம். கைதட்டும் முகங்களை அவள் தோளுக்கு மேலாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் ஒரு வரியை வீசுவாள். நான் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். தேவாலயத்தில் எல்லோருக்கும் பழகியதுதான். யோசித்துப் பிடித்தால் தாளம் போய்விடும். அதனால் யோசிப்பதே இல்லை. அவள் குரல் காதில் விழுந்தால் என் வாய் தானாகத் திறக்கும். ஒருமுறை நான் மீன் தின்றுகொண்டிருந்தபோது சும்மா ஒரு வரி இழுத்தாள். பதில் பாடிவிட்டேன். முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"அடிப் பாவி! துப்பிட்டுப் பாடக் கூடாதா?" என்று முதுகில் ஓங்கி அறைந்தாள்.

அது அறுபத்தாறாம் வருடம், ஆகஸ்ட் மாதம். ஜாக்சனில் கச்சேரி முடித்துவிட்டு நாங்கள் பஸ்ஸில் மெம்ஃபிஸ் வந்துவிட்டோம். லுவெல்லா காலையில் தனியாகக் காரில் கிளம்பி, மதியம் ஒலிப்பதிவுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மதியம் போயிற்று. அவள் வரவில்லை. வாத்தியக்காரர்கள் தங்கள் பங்கை டேப்பில் வாசித்து முடித்துக் கிளம்பிவிட்டார்கள். ஆர்கன் வாசிக்கும் கிழவர் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிப்பதால் அவரை டீக்கன், அதாவது சபை ஊழியர், என்போம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்டுடியோ சொந்தக்காரன் ஹோரஸ். பதிவு செய்வதும் அவன்தான்.

"அவளுக்காக இனி காத்திருக்க முடியாது. நீ பாடு," என்றான்.

"நானா?"

"சாயங்கால விமானத்துல டேப் நியூயார்க் போகணும். நல்லா வந்தா உன் பேர்லயே இசைத்தட்டு வரும். வரலேன்னா நாளைக்கு வேற பொண்ணைப் பாத்துக்கறேன்."

"முன்னாடி போய் நில்லு தாயி," என்றார் டீக்கன். "கதவுக்குப் பின்னாடி சாத்தி வெச்ச தொடப்பம் மாதிரி நிக்காதே."

எனக்கு முப்பத்து நான்கு வயது. என் பெயர் எந்த இசைத்தட்டிலும் இல்லை. இன்று விட்டால் இனி எப்போதும் இல்லை. கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அவள் பாட்டை எடுத்துக்கொள்கிறோமே என்பதாலா? அதற்கு இவ்வளவு ஆசைப்படுகிறோமே என்பதாலா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

பாட்டு எளிமையானது. இரவில் தாமதமாக வீடு திரும்பும் பெண் வாசலில் நின்று கேட்கிறாள், 'விளக்கை அணைச்சிட்டியா?' உள்ளிருந்து பதில், 'இல்லை, இன்னும் எரியுது.' கேள்வி முன்பாட்டு. பதில் பின்பாட்டு.

ஹெட்போனில், டேப்பில் இருந்த ஆர்கன் தொடங்கியது. நான் மூச்சை இழுத்தேன்.

என் காதுக்குள் இன்னொருவரும் மூச்சை இழுத்தார்கள்.

மூக்கில் சின்ன விசிலோடு...

லுவெல்லா அப்படித்தான் இழுப்பாள். சிறு வயதில் மூக்கு உடைந்தவள்.

நான் பாடவில்லை. டேப் நின்றது.

"ஹோரஸ், இந்த டேப்ல அவ குரல் ஏதாவது இருக்கா?"

"அவதான் வரவே இல்லையே. வாத்தியம் மட்டும்தான்."

"மறுபடி போடு."

இம்முறை மூச்சோடு நிற்கவில்லை.

'விளக்கை அணைச்சிட்டியா...'

தெளிவாக. என் வலது காதில். மேடையில் எனக்கு முன்னால், வலப்பக்கம்தான் அவள் நிற்பாள்.

என் வாய் திறந்தது. 'இல்லை, இன்னும் எரியுது.'

அடுத்த வரி வந்தது. பதில் பாடினேன். அதற்கடுத்ததும். குரல் தேனாக ஓடியது. கண்ணாடிக்கு அப்பால் ஹோரஸ் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா பண்றே? முன்பாட்டைப் பாடச் சொன்னா பின்பாட்டைப் பாடிட்டிருக்கே!"

"பழக்க தோஷம்," என்று டீக்கன் சிரித்தார். "மாட்டை அவுத்து விட்டாலும் அது செக்கைத்தான் சுத்தும்."

அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. என் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. கேள்வியே இல்லாத பதில்கள்.

சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் நாளைக்கு வேறு பெண். சொல்லவில்லை.

மூன்றாம் முறை. பல்லைக் கடித்துக்கொண்டேன். பயனில்லை. அவள் வீசினாள், நான் பிடித்தேன். ஆனால் குரல் மெலிந்திருந்தது. வரிக்கு வரி இடைவெளி கூடியது. பாட்டின் தாளத்தை விட்டு விலகி, அவளுக்கென்று ஒரு தாளத்தில்...

நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எர்லீன், கூட இருக்கியாடி?"

மேடையில் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பாளே, அந்தக் கேள்விதான். ஆனால் கூட்டத்திடம் அவள் கெஞ்சியதில்லை.

"இருக்கேன்," என்றேன். சத்தமாக.

ஹோரஸ் டேப்பை நிறுத்தினான். டீக்கன் இப்போது சிரிக்கவில்லை.

"யார்கிட்ட பேசினே?" என்றான் ஹோரஸ்.

"...யார்கிட்டயும் இல்ல."

"இன்னும் ஒரே தடவை. அவ்வளவுதான்."

ஹெட்போனைக் கழற்றினேன். கொக்கியில் மாட்டினேன். "பாட்டை இந்த அறை ஸ்பீக்கர்ல போடு."

"மைக்குக்குள்ள அந்தச் சத்தமும் சேர்ந்து வரும்."

"வரட்டும்."

ஆர்கன் எழுந்தது. கூடவே கொக்கியிலிருந்து... கொசு ரீங்காரம் போல. மிகச் சன்னமாக.

'விளக்கை அணைச்சிட்டியா...'

கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டேன்.

பதில் என் நாக்கு நுனி வரை வந்தது.

விழுங்கினேன்.

முன்பாட்டைப் பாடினேன். முதல் வரி. இரண்டாவது. என் குரல், என் இடம். கொக்கியில் அந்த ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே வரி. அதே வரி...

கடைசி வரி முடிவதற்குள் அது நின்றுவிட்டது.

மணி மூன்று நாற்பது.

"இதைத்தானே முதல்லேர்ந்து கேட்டேன்!" என்று ஹோரஸ் கத்தினான். டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். என் குரல் மட்டும்தான் இருந்தது. அந்த இசைத்தட்டு என் பெயரில் வந்தது. நன்றாக ஓடியது. இன்றும் கச்சேரியில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

மறுநாள் மாலை தகவல் வந்தது. லுவெல்லாவின் கார் முந்தின நாள் காலையிலேயே பாதி வழியில் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் கவிழ்ந்திருந்தது. பக்கத்திலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவள் பையை வாங்கிவர நான்தான் போனேன். அவளோடு இருந்த நர்ஸ் என்னைவிடச் சின்னப் பெண்.

"கண்ணே தெறக்கல அக்கா," என்றாள். "ஆனா அன்னிக்கு மூணு மணிக்கு மேல உதடு அசைய ஆரம்பிச்சுது. சத்தம் வரல. ஒரு வரி பாடற மாதிரி அசையும். நிக்கும். யாரோ சொல்றதைக் கேக்கற மாதிரி இருப்பாங்க. மொகம் தெளியும். அப்புறம் அடுத்த வரி. நாடி நல்லாத்தான் இருந்துச்சு. பொழைச்சுக்குவாங்கன்னு டாக்டரே சொன்னாரு."

"அப்புறம்?"

"மூணரைக்கு மேல என்னாச்சுன்னு தெரியல. ஒரு வரி அசைச்சாங்க. நிறுத்திக் கேட்டாங்க. மொகம் தெளியல. மறுபடி அதே வரி. மறுபடி கேட்டாங்க. விடவே இல்ல அக்கா, எத்தனையோ தடவை..."

"அப்புறம்?"

"மூணு நாப்பதுக்கு விட்டுட்டாங்க. உயிரையும்."