திலியானாவின் இரண்டாவது வளைவு

ரூசே நகரத்து அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் திலியானாவின் பேச்சை எடுத்தாலே ஒரு வருஷமாகச் சிரிப்புதான்.

போன வருஷம் புனித கியோர்கி நாளன்று அடைமழை. அன்றைக்கு ஊஞ்சல் ஆடினால்தான் வருஷம் முழுக்க உடம்புக்கு நல்லது என்பது ஊர் நம்பிக்கை. முற்றத்து மரத்தில் கட்ட முடியாததால், திலியானா தன் சமையலறை வாசலில் தானே புதிதாகக் கட்டிய ஜிப்சம் பலகை வளைவிலேயே ஊஞ்சல் கொக்கியை மாட்டச் சொன்னாள். பெருமை யாரை விட்டது! இரண்டாவது ஆட்டத்தில் வளைவும் அதில் ஆடிய அவள் கொழுந்தனும் சேர்ந்து, விருந்துக்குச் சுட்ட ஆட்டுக்குட்டித் தட்டில் விழுந்தார்கள்.

தான் வேலை பார்த்த நாற்காலித் தொழிற்சாலையை மூடிய பிறகு, வீடுகளுக்கு இப்படி வளைவு கட்டிக்கொடுக்கும் வேலையை நம்பித்தான் அவள் பிழைக்க இருந்தாள். அதன்பின் ஒருவரும் கூப்பிடவில்லை. கட்டடத்தின் ரிப்பேர்காரர் கஞ்சோ படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "உன் வளைவுல துணி காயப்போடலாம்மா. ஈரமில்லாத துணியா இருக்கணும்!" என்பார்.

இந்த வசந்தத்தில் மறுபடி ஆரம்பித்தாள். வாசலின் இரு பக்கக் கான்கிரீட் சுவரையும் துளைத்து, ஊஞ்சலைத் தாங்க இரும்புக் குழாயைப் பதித்தாள். பலகையில் முள் உருளை ஓட்டிப் பொடித் துளைகள் போட்டு, நனைத்து, அச்சின்மேல் மெல்ல வளைத்து, முழுசாக ஒரு நாள் காயவிட்டு வாசலில் பொருத்தினாள். போன முறை அரை நாளிலேயே எடுத்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விழா நாளில் நல்ல வெயில். எல்லோரும் முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். திலியானா பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"கஞ்சோ அண்ணே! மேல வந்து என் ஊஞ்சல்ல ஆடுங்க!"

"எனக்கு இன்னும் வாழ ஆசையிருக்கும்மா!"

ஆனாலும் வேடிக்கை பார்க்கப் பாதிக் கட்டடமே ஏறி வந்தது. திலியானா முதலில் தானே உட்கார்ந்து ஆடினாள். பொட்டுத் தூசிகூட உதிரவில்லை.

"நீ ஒல்லி. அதெல்லாம் கணக்கில்ல" என்றார் கஞ்சோ.

"அதான் உங்களக் கூப்பிட்டேன். நூத்திருபது கிலோவுக்கு வேற எங்க போவேன்?"

கஞ்சோவுக்குத் திடீரென்று இடுப்பு வலித்தது. அவரை ஒதுக்கிவிட்டு, உடம்பில் அவருக்குச் சளைக்காத அவர் மனைவி பென்கா போய் உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க. நல்லாத் தள்ளுங்க!"

ஆசை தீர ஆடி இறங்கியவள், வளைவை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"திலியானா, திங்கக்கிழமை வந்துடு. எங்க வீட்டு வாசலுக்கும் இதே மாதிரி வேணும்."

"நம்ம வீட்டுக்கா? அப்ப நான் எதுக்குடி இருக்கேன்?" என்று பதறினார் கஞ்சோ.

"பதினெட்டு வருஷமா அந்த வாசல அளந்துட்டே இருக்கீங்க. போதும், அளவு நாடாவ அவகிட்ட குடுங்க."