குதிரை எருவுக்கு நாற்றம் உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு ராமலிங்கம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ரிட்டயர்ட் ஆபீசர். பெரம்பலூரில் எங்கள் தெருவில் எது நடந்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார்.

"சார், அந்தக் குதிரைக்காரன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா? மாமரம் இந்த வருஷம் பூக்கவே இல்ல. ரெண்டு மூட்டை எரு கெடச்சா போட்டுப் பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மேல் மட்டுமா?

குதிரைக்காரன் என்று அவர் சொன்னது அந்தோணிசாமியை. ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள். அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர்தான் எப்படியோ ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். பெரம்பலூர், அரியலூர் என்று முகூர்த்த நாளில் நிற்க நேரம் இருக்காது. எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. திருச்சியில் இருக்கும் இடத்துக்காரரிடம் கேட்டு அங்கே கொட்டகை போட்டிருந்தார்.

மூலையில் ஒரு குழி. குதிரை லத்தி, வைக்கோல், காய்ந்த இலை என்று அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார். பத்து நாளைக்கு ஒரு தடவை மண்வெட்டியால் புரட்டி விடுவார்.

என் வீட்டு எலுமிச்சை அப்போது இலையெல்லாம் வெளுத்து, இப்பவோ அப்பவோ என்று நின்றது. குழியிலிருந்து அப்படியே அள்ளிப் போகலாம் என்று கூடையோடு போனேன். விடவில்லை. குவியலுக்குள் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது!

"உள்ள இவ்ளோ சூடு இருக்கு. இதைக் கொண்டுபோய் வேர்ல கொட்டுனா மரம் என்னத்துக்கு ஆவும்? மரத்து மேல எதும் கோவமா சார் உங்களுக்கு?"

நாலு மாதம் காக்க வைத்தார். கம்பி சூடில்லாமல் வெளியே வந்த பிறகுதான் மூட்டை கட்டினார். கறுப்பாக, பொலபொலவென்று, டீத்தூள் மாதிரி இருந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெறும் மண் வாசனை.

"மக்கிடுச்சுன்னா வாடை போயிடும் சார். தூர்ல கொட்டிடாதீங்க... மத்தியான நெழல் வுழுற ஓரமா, சுத்தி வட்டமாப் போடுங்க."

மறுவருடம் காய்த்த காய்க்கு, தெருவில் எலுமிச்சை ஊறுகாய் போடாத வீடு இல்லை. ராமலிங்கத்தின் மாமரத்துக்கும் அதே எருதான்.

அப்புறம் என்ன பிரச்சினை?

கட்டியே போட்டால் குதிரைக்குக் கால் விறைத்துக்கொள்ளுமாம். அதனால் அந்தோணிசாமி தினமும் காலையில் ஏறி ஒரு சுற்றுப் போய் வருவார். எங்கள் தெரு வழியாகத்தான். அழுக்கு பனியன், லுங்கி. ஆனால் உட்கார்ந்திருப்பது குதிரை மேல் அல்லவா? காம்பவுண்டு சுவருக்கு மேலே அவர் தலை தெரியும்.

"நாம கீழ நின்னு பேப்பர் படிக்கிறோம். அவன் மேல உக்காந்துகிட்டு வணக்கம் சொல்லிட்டுப் போறான் சார்" என்றார் ராமலிங்கம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரே மாதத்தில் அது 'நாத்தம் தாங்கல' என்று மாறியது. இடத்துக்காரருக்கு ஒரு கடிதம் போடுவது என்று தெருவே கூடி முடிவு செய்தது. "நீங்கதான் சார் எழுதணும். பத்திரிகைல எழுதுறவரு, உங்க எழுத்துக்குன்னு ஒரு வெயிட் இருக்குல்ல?"

எழுதினேன்.

தெருவைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அந்தப் புகழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. 'தாங்க முடியாத துர்நாற்றம்', 'குழந்தைகள் மற்றும் முதியோரின் உடல்நலம்' என்று உட்கார்ந்து யோசித்து யோசித்து எழுதினேன். டைப் அடித்தோம். கீழே யார் பெயரும் இல்லை - 'தெரு மக்கள்' என்று மட்டும். அவ்வளவு தைரியசாலிகள் நாங்கள்.

பத்தாவது நாள் அந்தோணிசாமி என் வாசலில் நின்றார். கையில் அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸ்.

"காலி பண்ணச் சொல்லிட்டாரு சார். குதிரையைக் கட்டுறதுக்கு டவுன்ல வேற யாரு எடம் தருவா? நாத்தம்னு எழுதியிருக்காங்க. நீங்க கையில அள்ளி மோந்து பாத்தீங்கல்ல... வாடை இல்லன்னு, அதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாரு."

நான் எழுதியதை நானே வாங்கி, முதல் தடவை படிப்பவன் போலப் படித்தேன். நிதானமாக, கடைசி வரி வரைக்கும்.

"இன்னிக்குக் கொஞ்சம் அவசர வேலை... நாளைக்கு வாங்களேன்" என்றேன்.

மறுநாள் வந்தார். நான் வெளியூர் போயிருப்பதாக மனைவியைச் சொல்ல வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் வந்தார். அப்புறம் வரவில்லை.

குதிரையை விற்றுவிட்டார். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகிறாராம். அப்பா செய்த அதே வேலை. இதைத்தான் ராமலிங்கத்திடம் சொன்னேன்.

"அடப்பாவமே..." என்றார். கேட் வரை போனவர் திரும்பினார். "அப்ப எருவுக்கு என்ன சார் பண்றது?"

'நீங்கள் எழுதி என்ன சார் ஆகிவிடப் போகிறது?' என்று எனக்குக் கார்டு போடும் வாசகர்களே... அப்படிச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கடிதம் எழுதினேன், பத்தே நாளில் ஒரு மனிதனைக் குதிரையிலிருந்து இறக்கிவிட்டேன்.