பேங்கிலதான் நிக்கிறன்

இரும்பறைக் கதவைத் திறக்குமுன் தர்மசீலன் இரண்டு தரம் தட்டுவார். உள்ளே இருப்பது பியர்ப் பெட்டிகள்தான். முப்பத்தொரு வருடம் மனேஜரைக் கேட்டுக் கேட்டு நுழைந்த கை, இப்போது போத்தல்களிடமும் அனுமதி கேட்கிறது.

துறைமுக வீதியில் வெள்ளைக்காரன் கட்டிய வங்கி அது. வங்கி புது இடத்துக்குப் போக, கட்டடம் மதுச்சாலையாகிவிட்டது. காசாளரின் கம்பி வலைக்குப் பின்னால் சாராயம் வரிசையாக நிற்கிறது. ஊர் வாய் மட்டும் மாறவில்லை. "பேங்குக்குப் போட்டு வாறன்" என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டு வருகிற ஆண்களுக்கு இதைவிட வசதியான பெயர் கிடைக்குமா?

தர்மசீலனுக்கும் அந்தப் பெயர்தான் துணை. இந்த வங்கியில் பியோனாக ஓய்வு பெற்றவர், மனைவி வசந்தினி காலமான மூன்றாம் மாதமே பரிசாரகராக இங்கு திரும்பி வந்தார். பென்சன் சாப்பாட்டுக்குப் போதும். வீட்டில் இருக்கத்தான் முடியவில்லை. "சுவரோட எத்தினை நாள் கதைக்கிறது?" என்பார். இங்கும் அவரோடு யாரும் கதைப்பதில்லை. பிறர் கதைப்பதாவது காதில் விழும்.

அவரோடு கதைக்கிற ஒரே ஆள், மட்டக்களப்பில் கட்டிக்கொடுத்த மகள் பிரசாந்தினி. தாய்மாமன் தவறணையே கதியென்று குடித்தே செத்ததைப் பார்த்து வளர்ந்தவள். "தவறணைப் படி மிதிக்கிற ஆக்கள் என்ர வீட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்பாள். பின்னேரங்களில் அவள் அழைத்தால், "ஓம் மகள், பேங்கிலதான் நிக்கிறன்" என்பார். வங்கி திரும்பக் கூப்பிட்டிருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டாள்; அவர் திருத்தவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரியும். அந்தக் குரலும் நின்றுபோனால் தனக்கென்று ஒருவரும் இல்லை என்ற பயம்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சொல்லாமல் வந்துவிட்டாள். வங்கி இடம் மாறியது அவளுக்குத் தெரியாது; பஸ் நிலையத்தில் ஓட்டோக்காரரிடம் துறைமுக வீதிப் பேங்குக்கு விடச் சொல்லியிருக்கிறாள். அவரும் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து இறக்கினார்.

வாசலில் ஆள் நிழல் கண்ட தர்மசீலன், முகம் பாராமலே ஒரு கதிரையை இழுத்துத் துடைத்தார்.

"வாங்கோ, என்ன எடுக்கிறீங்கள்?"

அதன் பிறகுதான் நிமிர்ந்தார். வாசலில் மகள். அவள் படி தாண்டாமல் நெடுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, அவர் துடைத்த கதிரையிலேயே இருந்தாள்.

"தேத்தண்ணி இருக்கா, அப்பா?"

உள்ளே ஓடித் தன் சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி வைத்தார். அவள் அவருக்கு எதிர்க்கதிரையை இழுத்துவிட்டாள். தர்மசீலன் உட்காரவில்லை. வெறும் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி, மேசைக்கு ஓரடி தள்ளி நின்றார்.