பஸ் நிற்காத நிழற்குடை

அரியலூர் சாலையில் எங்கள் ஊருக்கு ஒரு பயணியர் நிழற்குடை உண்டு. அங்கே இதுவரை எந்தப் பஸ்சும் நின்றதில்லை. அதற்குக் காரணம் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நிழற்குடைக்கு இடம் பார்க்க யூனியன் ஆபீசிலிருந்து ஓவர்சியர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருந்தார். பஸ் நின்றது காலனிக்குப் பாதை திரும்பும் பிரிவில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பர்லாங் தள்ளி, ஒரு மரம்கூட இல்லாத இடம். நிழற்குடை நம் வாசலுக்கு எதிரே வந்தால் கௌரவமாக இருக்கும் என்று முந்தின நாள் சாப்பிடும்போது அப்பா சொல்லியிருந்தார்.

ஓவர்சியர் பெரியவர்களை நம்பவில்லை. “ஆளுக்கொரு இடம் காட்டுவீங்க. சின்னப் பையன் பொய் சொல்ல மாட்டான்” என்று என்னைக் கூப்பிட்டார். “பஸ் எங்கடா நிக்கும்?”

“இங்கதான் சார்.”

அப்பா சொல்லிக்கொடுத்துத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடங்கள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பதிலைக் கேட்டு அவரே திகைத்தார். பிறகு சும்மா இருந்துவிட்டார்.

காலனியிலிருந்து வந்து எங்கள் கடலைக்காட்டில் களையெடுக்கும் அக்கா அங்கே நின்றிருந்தார். அப்போதெல்லாம் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கால் சூம்பிய மகளை இடுப்பில் சுமந்து, வாரந்தோறும் பெரியாஸ்பத்திரிக்கு அந்தப் பிரிவில்தான் பஸ் ஏறுவார்.

“ஏம்மா, நெசந்தானா?” என்று ஓவர்சியர் அவரைக் கேட்டார்.

அவர் அப்பாவைப் பார்த்தார். “தம்பி சொன்னா சரியாத்தாங்க இருக்கும்.”

சில மாதங்களில் கட்டடம் எழும்பியது. “வாயத் தொறந்தான், கட்டடமே வந்துட்டு பாரு” என்று மாமா என்னைத் தட்டிக்கொடுத்தார். பஸ் வழக்கம்போலப் பிரிவிலேயே நின்றது. நாங்கள் நிழற்குடையில் கடலை மூட்டை அடுக்கினோம்.

ஒரு மழை நாள் காலையில் மாமாவும் நானும் அதற்குள் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் அந்த அக்கா மகளின் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“ஏன் மாமா நனையுது? இங்க வரலாம்ல?”

“வந்தா அங்க பஸ்ஸ யாருடா புடிச்சு வப்பா, நீயா?”

இருவரும் சிரித்தோம்.

அந்த மகளுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். ஊன்றுகோலோடு அதே பிரிவில், சிமெண்டு லாரிப் புழுதியில் நிற்கிறார். போன மாதம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்ப நீங்க சின்னப் புள்ளங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிரிவில் நிழற்குடை கேட்டு, என் பொய்யையும் ஒப்புக்கொண்டு, ஆபீசுக்கு மனு எழுதினேன். காலனிக்காரர்களுக்கு இத்தனை வருடங்களாக வந்த அதே பதில் எனக்கும் வந்தது: தங்கள் ஊருக்கு நிழற்குடை ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது.

அன்று என் பதிலை ஓவர்சியர் நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பெருமையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதியதை இனி யாராலும் அழிக்க முடியாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.