கொய்யா மரத்துக்குப் போட்ட வலை

வேலை முடிந்து வந்த அலுப்போடு, வண்ணாரப்பேட்டையில் வாங்கிய கொய்யாவை நறுக்கினேன். உள்ளே புழு நெளிந்தது.

எண்ணூரில் எங்கள் வீட்டு மரத்திலும் இப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது எழுதிய முதல் ஆள் நான். தேறினால் டீச்சருக்கு நம் மரத்துப் பழம்தான் என்று சொல்லி, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அந்த மரத்தை, புழு வைக்கும் ஈ அண்டாமலிருக்க, நைனா பழைய மீன்வலையால் மூடினார்.

“யோவ், இது வஞ்சிரம் மாட்ற வலை. ஈ ஷோக்கா பூந்துகினு போவும்” என்று அம்மா சிரித்தாள்.

தேறினேன். பறித்த பழங்கள் வெளியே பளபளத்தன. நறுக்கினால்தான் புழு தெரியும். நறுக்கியதை டீச்சருக்கு எப்படித் தருவது? அறுத்ததெல்லாம் சொத்தை. கடைசிப் பழத்தில் நைனா கத்தியைக் கீழே வைத்தார்.

“இத்த அப்டியே எட்த்துகினு போலாம்.”

“புழு கீதுன்னா?”

“வாய மூடிகினு வா.”

டீச்சர் எங்கள் எதிரிலேயே அதை நறுக்கினார். பாதியில் புழு. அதை ஒதுக்கிவிட்டு, மறுபாதியைப் பேசிக்கொண்டே தின்றார்.

“துன்ட்டாங்க, பாத்தியா?” என்று நைனா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

இன்று நான் முழுப் பழத்தையும் குப்பையில் போட்டேன். நல்ல பக்கத்தைத் தேடிப் பார்க்கத் தெம்பில்லை.