டாக்டருக்கு நிமிர்ந்து தெரிய நோயாளி படுக்க வேண்டும்

1. பதிவு இல்லாவிட்டால் லொறி இல்லை

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எலக்ட்ரீஷனாகச் சேர்ந்தவன் நான். ஒபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், "ஒயர் தெரிஞ்சவன்தானே" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள். ஓய்வு பெறும் வரை நான்தான் கம்ப்யூட்டர் மாஸ்டர். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு சங்கதியை எழுதி வைக்கிறேன். என்னைப் பற்றி இதில் நல்லதாக ஒன்றும் இல்லை.

ஒருநாள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இனி வீடியோவில் டாக்டர் பார்ப்பார். அதற்கு ஒரு செயலி. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வேண்டுமானால், "அனுப்பு" என்று டாக்டர் அந்தச் செயலியில் பதிய வேண்டும். பதிவு இல்லாவிட்டால் லொறி இல்லை.

செயலியோ போனில் மட்டும் ஓடுவது. "ஒரு டெப், பெரிய போன் மாதிரி வருமே, அது வாங்கித் தாங்க சேர்" என்று தோட்டத்து மனேஜரான தொரையிடம் கேட்டேன்.

"டெப் குடுத்தா ஒரு வாரத்துல காணாமப் போயிரும்" என்றார். "செவத்துல அடிச்சு மாட்டுற மாதிரி ஏதாச்சும் செய். நீ கெட்டிக்காரன்தானே?"

கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டால் நான் எந்தக் குழியிலும் இறங்குவேன். வீட்டில் ஒரு சிங்கிள் போர்ட் கம்ப்யூட்டர் கிடந்தது. உள்ளங்கை அளவு பலகை, அதுவே முழுக் கம்ப்யூட்டர். பொழுதுபோக்குக்கு வாங்கியது. அதில் போனில் ஓடுகிற அன்ட்ராய்டைப் போட்டு, ஸ்டாஃப் கிளப்பில் கிடந்த பழைய டீவியில் மாட்டினால், சுவரில் ஒரு பெரிய போன். களவெடுக்க வருகிறவன் சுவரையும் சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். தொரைக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

2. படுத்துக்கொண்ட படம்

அந்தப் போர்டுக்கும் அன்ட்ராய்டுக்கும் பிறவியிலேயே ஒட்டாது. யாரோ புண்ணியவான் இரண்டையும் ஒட்டவைத்து இன்டர்நெட்டில் போட்டிருந்தான். அதை இறக்கி மெமரி கார்டில் எழுதினேன். முதல் தடவை வெறும் கறுப்புத் திரை. அடுத்த தடவை வைஃபை இல்லை. பிறகு வைஃபை வந்தது, சத்தம் போனது. ஏழாவது தடவைதான் டீவியில் போன் முகம் தெரிந்தது. துள்ளிக் குதித்தேன்.

செயலியைத் திறந்தேன். டாக்டர் படுத்துக் கிடந்தார்! போனுக்குச் செய்த செயலி நெடுக்காகத்தான் நிற்பேன் என்கிறது, டீவி குறுக்காக இருக்கிறது. செட்டிங்ஸில் தோண்டாத இடமில்லை, அசையவில்லை.

"டீவியத் திருப்பி மாட்டுங்கப்பா, இதுக்குப் போயி" என்றார் தொரை. பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் தச்சர் வந்து டீவியை நெடுக்காக நிறுத்தி அறைந்துவிட்டுப் போனார். டாக்டர் நிமிர்ந்தார்.

ஆனால் டீவியின் மேல் பொருத்திய கேமராவும் அதோடு சேர்ந்து திரும்பிவிட்டது. களவுக்குப் பயந்து அதைப் பசை வைத்து ஒட்டியிருந்தேன், இனிப் பெயர்த்தால் உடையும். முதல் நோயாளி ஓர் இருமல்காரக் கிழவர். டாக்டர் திரையிலிருந்து, "ஏன் படுத்திருக்கீங்க? எழும்பி உட்காருங்க" என்றார்.

"ஒக்காந்துதானுங்க இருக்கேன்" என்றார் கிழவர் பாவம்.

கடைசியில் நானே வழி கண்டுபிடித்தேன். ஒரு பெஞ்சு போட்டேன். நோயாளி பெஞ்சில் ஒருக்களித்துப் படுத்தால் டாக்டருக்கு உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. "நல்ல ஐடியா" என்றார் தொரை. திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் குத்துவிளக்கேற்றினார்கள். தொரையே பெஞ்சில் படுத்துக் காட்டினார், கைதட்டினார்கள்.

3. விஜயலெட்சுமி

கொழுந்தெடுக்கிற விஜயலெட்சுமிக்கு அப்போது எட்டாம் மாதம். தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்று புருசன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். டிஸ்பென்சரிக்குப் பொறுப்பானவரை நாங்கள் மருந்தையா என்போம், யாழ்ப்பாணத்துக்காரர். பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பிரஷர் எக்கச்சக்கமாய்க் கிடக்கு. இவவை உடன அனுப்போணும்" என்று தொரைக்குப் போன் செய்தார்.

"சிஸ்டத்துல டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார் தொரை.

என்னை அழைத்தார்கள். ஓடினேன். அவளைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். டாக்டர் திரையில் வந்தார். "முகம் வீங்கியிருக்கா? சரியாத் தெரியல்ல, கிட்ட வாங்க" என்று அவர் சொல்லும்போதே திரையின் மூலையில் மின்னல் குறி வந்தது. கரண்ட் போதவில்லை என்று போர்ட் சொல்லும் அடையாளம் அது. திரை அணைந்து முதலிலிருந்து தொடங்கியது. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். டாக்டர் வந்தார், மின்னல் வந்தது, டாக்டர் போனார். நான் குனிந்து சார்ஜரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். என் கண் போர்டிலேயே இருந்தது. பெஞ்சில் அவள் முனகிக்கொண்டிருந்தாள்.

தொரையும் வந்துவிட்டார். "யாரு இதுல கைய வச்சது? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்று சத்தம் போட்டார்.

மருந்தையாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, உம்மட பொக்கற்றுக்குள்ள கிடக்கிறது என்ன?" என்றார் என்னிடம்.

என் போன். அன்ட்ராய்ட் போன். செயலியை இறக்கித் திறக்க மூன்று நிமிடம் போகவில்லை. அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முகத்துக்கு நேரே பிடித்தேன். டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார், பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். "உடனே அனுப்புங்க! இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"

"போன்ல செஞ்சா அது சிஸ்டத்துல சேருமா?" என்றார் தொரை.

"விசர்க்கதை கதையாதேங்கோ சேர், லொறியை விடச் சொல்லுங்கோ!" என்று கத்தினார் மருந்தையா.

கொழுந்து லொறியில் சாக்கைப் பரப்பி ஏற்றினோம். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். டிஜிட்டல் முறையால் இரண்டு உயிர் காப்பாற்றப்பட்டதாகக் கொழும்புக்கு அறிக்கை போனது, டீவியின் படத்தோடு. பக்கத்து டிவிஷனுக்கும் அதே மாதிரி ஒன்று செய்து தரச்சொல்லி எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

4. அவள் கேட்டது

மூன்று மாதம் கழித்து விஜயலெட்சுமி பிள்ளையோடு ஒபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஐயா, அந்தப் பொட்டி சரியாயிருச்சுங்களா?"

"எந்தப் பொட்டி?"

"அன்னைக்கு வலி தாங்காம நாந்தாங்க அந்த ஒயரப் புடிச்சு இழுத்துட்டேன். தொரை கேட்டப்ப பயத்துல வாயத் தெறக்கல. என்னால ஒங்களுக்கு ஏச்சு விழுந்திருக்குமேன்னு இந்த மூணு மாசமா மனசே சரியில்லீங்க."

இந்த மூன்று மாதத்தில் அந்தப் போர்டுக்குப் புது சார்ஜர் தேடி நான் ஹட்டனுக்கு நாலு தடவை போயிருக்கிறேன். அவள் குடியிருக்கும் லயத்துக்கு ஒருதடவை போய், எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "ஒன்னால இல்லம்மா. நான் மாட்டின சார்ஜர்தான் அதுக்குப் போதாது. பிழை என்னோடது" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றே நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளே, மெஷின் நின்றுபோனால் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளை முதலில் பாருங்கள். எனக்கு இது வேலையை விடப்போகும் வயதில்தான் புரிந்தது. "ஐயாவுக்குப் பெரிய மனசுங்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் விஜயலெட்சுமி.