இரண்டு வாசல் மோட்டார் ரூம்

சொத்தைப் பிரிக்கும்போது பாகம் சரியாக வரவேண்டும் என்பதில் காட்டும் அக்கறையை, பிரித்த பிறகு எப்படிப் பேசிக்கொள்வது என்பதில் எங்கள் பக்கத்தில் யாரும் காட்டுவதில்லை. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த தோட்டத்தை அப்பாவும் பெரியப்பாவும் பங்கு போட்டபோது, நடுவில் நின்ற மோட்டார் ரூமை வெட்டிப் பிரிக்க முடியவில்லை. கிணறும் மோட்டாரும் பொது, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று முடிவாயிற்று. ஆனால் ரூமுக்கு இருந்த ஒரே வாசல் கிழக்கே, பெரியப்பாவின் பங்கில் விழுந்துவிட்டது. அண்ணன் நிலத்தில் கால் வைத்துத்தான் மோட்டார் போடவேண்டுமா என்று அப்பாவுக்கு ரோஷம். மேற்குச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார். நாலு ஆடு கட்டினால் நிறைந்துவிடும் அறைக்கு இரண்டு வாசல்.

வடக்குச் சுவரில் போர்டு இருந்தது. அதில் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர், அதற்கு மேலே கண்ணாடி மூடிய வோல்ட் மீட்டர். போர்டுக்கு நேர் எதிரே பம்பும் குழாயும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் அங்கே யாரும் நிற்பதில்லை. அப்பா மேற்கு வாசலிலிருந்தபடியே எட்டிப் பார்ப்பார், பெரியப்பா கிழக்கு வாசலிலிருந்து பார்ப்பார். அறையின் நடுவைத் தாண்டுவது இருவருக்குமே கௌரவக் குறைச்சல்.

ஒரு கோடையில் கரண்ட் குறைவாக வந்தபோது மோட்டாரைப் போட்டதில், உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றான காயில் கருகிவிட்டது. காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் கட்டி வருவதற்குள் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அதிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். மீட்டர் முள் முந்நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் யாரும் பட்டனைத் தொடக்கூடாது. யார் முறையானாலும் மற்றவரும் பார்த்துச் சரி சொல்லவேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. இரண்டு பங்கிலும் நிலக்கடலை, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். அப்போது ஒரு தண்ணீர் விடாவிட்டால் செடி இருக்கும், காய் இருக்காது. எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம் வேறு வரும்படி கிடையாது. அம்மா தினமும் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அதை ஆட்டுக்குப் போடுவாள்.

அன்று எங்கள் முறை. மத்தியானம் மோட்டார் ஓடத் தேவையான மூன்று பேஸ் கரண்டும் வந்துவிட்டது. அப்பா முந்நூற்று அறுபது என்றார். பெரியப்பா முந்நூற்று நாற்பது என்றார். இது நாலு தடவை நடந்தது, குரல் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் அப்பா வாயைவிட்டார்.

"எம் பயிரு காயணும்னே பொய் சொல்றீக."

பெரியப்பா என்னைக் காட்டி, "படிக்கிற புள்ளைதான, அவளையே பாக்கச் சொல்லு" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேற்கு வாசலில் நின்று பார்த்தேன், முள் அறுபதில் நின்றது. அப்பா முகம் மலர்ந்தது. சுற்றிக்கொண்டு போய்க் கிழக்கு வாசலில் நின்று பார்த்தேன், சத்தியமாக நாற்பதுதான். எனக்கே பயமாகிவிட்டது. குழாயின் மேல் ஏறி, போர்டுக்கு நேர் முன்னால் மீட்டருக்கு முகம் வைத்துப் பார்த்தேன். முள் ஐம்பதுக் கோட்டின் மேல் அச்சாக நின்றது. மூன்றையும் அப்படியே ஒப்பித்தேன்.

கேட்டதே இரண்டு பேர், இவள் மூன்று பதில் சொல்கிறாள் என்று அப்பா முதுகில் ஒன்று வைத்தார். பெரியப்பா, பிள்ளையையும் பொய்க்குப் பழக்கிவிட்டாயா என்று கேட்டுவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டார். அத்தனை கோபத்திலும் அப்பா பட்டனைத் தொடவில்லை. காயில் போனால் பழி தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். கரண்ட் இருக்கிற வரைக்கும் மோட்டாரைப் பார்த்தபடியே நின்றார், பாவம்.

முள் ஆளைப் பார்த்துக் காட்டுகிறது என்றுதான் நான் முடிவு செய்தேன். அப்பா கோபக்காரர், அதனால் அவருக்குக் கூட்டிக் காட்டுகிறது. நான் சின்னப்பிள்ளை, எனக்கு நடுவாகக் காட்டுகிறது. ஐந்தாம் வகுப்பு அறிவுக்கு அது குறைவில்லாத விளக்கம்.

மறுநாள் பெரியப்பாவின் முறை. அப்பா வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். நான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா கிழக்கு வாசலில் நின்று மீட்டரை வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டு, மோட்டாரைப் போடாமலே திரும்பிப் போனார். அப்பாவிடம் வந்து சொன்னேன். நடிக்கிறார் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் தம்பி பேச்சு அத்தோடு நின்றது. அப்பா எங்கள் பங்கில் தனியாகப் போர்வெல் போட்டார். மோட்டார் ரூமின் இரண்டு வாசலிலும் இரண்டு பூட்டு தொங்கின.

கல்லூரியில் முதல் முறை லேபுக்குப் போனபோது, மேஜையில் இருந்த மீட்டரில் முள்ளுக்கு அடியில் மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்று பதித்திருந்தது. முகம் பார்க்கிற கண்ணாடிதான். மேடம் வந்து, கண்ணாடியில் முள்ளின் பிம்பம் முள்ளுக்குப் பக்கத்தில் தெரிந்தால் நீங்கள் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள், அது முள்ளுக்குப் பின்னால் மறைகிறவரை நகருங்கள், அதற்குப் பிறகு எண்ணை எழுதுங்கள் என்றார். முள் எண்களை ஒட்டாமல் அவற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பதால் இடப்பக்கமிருந்து பார்த்தால் கூடும், வலப்பக்கமிருந்து பார்த்தால் குறையும் என்றார். நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசல் போர்டுக்கு இடப்பக்கம், பெரியப்பா வாசல் வலப்பக்கம். இருவருமே கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மீட்டர் விஷயம் அப்படி ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது. பெரியப்பா பொய் சொல்லவில்லை என்று தெரிய மீட்டரே தேவையில்லை என்பது பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. தம்பி பயிர் காயட்டும் என்று பொய் சொல்கிற மனுஷன், தன் முறை வந்ததும் முதல் வேலையாகப் பட்டனை அமுக்கியிருப்பார். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வருஷம் எங்கள் கடலையோடு சேர்ந்து அவர் கடலையும்தான் காய்ந்தது.